நிலை மதிப்பீடு (ஸ்டேட் எஸ்டிமேஷன்)

கருவிகள் காட்டும் சில அளவீடுகளைக் கொண்டு, கருவி இல்லாத இடங்களையும் சேர்த்து, எரிவாயுக் குழாய்த் தொகுப்பு முழுவதும் அழுத்தமும் பாய்வும் இப்போது எவ்வளவு எனக் கணக்கிட்டு அறிவது ஸ்டேட் எஸ்டிமேஷன். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். மின் தொகுப்பிலும் இதே பெயர்தான். அங்கே 1970இல் இதை அறிமுகப்படுத்தியவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட் ஷ்வெப்பே.

'ஸ்டேட்' லத்தீனின் 'ஸ்டாட்டுஸ்' வழி வந்தது, வேர்ப்பொருள் நிற்றல். நம் 'நிலை'யும் 'நில்' என்பதிலிருந்து பிறந்ததே. ஆனால் நிலை என்றதும் அசையாமை என்று கொள்ளக் கூடாது. இந்தக் கணத்தில் எந்த எண்கள் தெரிந்தால் அடுத்து நடப்பதைக் கணக்கிட முடியுமோ, அந்த எண்களின் தொகுதிக்கே பொறியியலில் இப்பெயர்.

எரிவாயுவில் இந்த நுட்பம் முக்கியம். குஜராத்தின் ஹஜீராவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் ஜகதீஷ்பூர் வரை போகும் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். வாயு அமுங்கக்கூடியது. அதனால் ஹஜீராவில் ஏற்றும் அளவும் வழியில் உள்ள ஆலைகள் எடுக்கும் அளவும் ஒரே கணத்தில் சமமாக இருப்பது அரிது. மிச்சம் குழாய்க்குள்ளேயே தங்கும். குறைந்தால் அங்கிருந்தே ஈடாகும். துறையில் இதை லைன்பேக் என்பார்கள். 'குழாயிருப்பு' என்று சொல்லிப் பார்க்கலாம். இதை நேரடியாகக் காட்டும் மீட்டர் கிடையாது. அழுத்தமும் வெப்பநிலையும் தெரிந்தால் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அழுத்த மாற்றம் ஒன்று வாயுவுக்குள் ஒலியின் வேகத்தில், விநாடிக்குச் சுமார் 400 மீட்டர், பரவுகிறது. 100 கிலோமீட்டர் தள்ளி அது தெரியவே நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆக, தொலைவில் இருக்கும் இரண்டு மீட்டர்களை நேருக்கு நேர் ஒப்பிட்டுவிட முடியாது.

'எஸ்டிமேஷன்' லத்தீனில் விலைமதித்தல். 'மதிப்பீடு' அப்படியே பொருந்துகிறது. ஒரு குறை: ஒப்பந்தக்காரரின் செலவு மதிப்பீட்டைப் பார்த்துப் பழகியதால், குத்துமதிப்பு என்ற வாடை அதில் ஒட்டியிருக்கிறது. இங்கே நடப்பது வேறு. உள்ளே போன நிறை எங்கும் மறையாது, உராய்வால் அழுத்தம் குறையும் என்ற விதிகளைச் சமன்பாடுகளாக்கி, அவற்றோடு மீட்டர் எண்களைப் பொருத்துகிறார்கள். 1805இல் பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறையே அடிப்படை: கணக்குக்கும் அளவீடுகளுக்கும் உள்ள வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை மிகக் குறைவாக இருக்கும்படி விடையைத் தேர்வது. நம்பகமான கருவியின் எண்ணுக்குக் கணக்கில் அதிக முக்கியத்துவம். கருவி இருக்கும் இடத்திலும் அது காட்டிய எண்ணை அப்படியே ஏற்பதில்லை. கணக்கு தரும் எண்ணுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை 'எச்சம்' என்று தனியே பார்க்கிறார்கள். ஒரு மீட்டரின் எச்சம் மட்டும் விடாமல் பெரிதாக இருந்தால் அந்த மீட்டரைச் சந்தேகிக்கலாம். நிறைக் கணக்கே தொடர்ந்து இடித்தால் கசிவைத் தேடுவார்கள்.

'நிலைக் கணிப்பு' என்றும் சொல்லலாம்தான். ஆனால் கணிப்பு என்றால் வானிலை, தேர்தல் என்று மனம் நாளைக்குப் போய்விடுகிறது. 'நிலை அளவீடு' பிழையே; அளவீடு கருவி தருவது, இது கணக்கு தருவது. 'நிலை மதிப்பீடு' என்பதே என் தேர்வு. அதைச் செய்யும் மென்பொருளுக்கு 'நிலை மதிப்பி'.