க்ரூஸரில் மோட்டார் பூட்டும் தம்பிகளுக்கு

பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தைத் தனியாக உருள விடும் பாகம் ஃப்ரீவீல். பின்சக்கரத்தில் அதை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். பார்த்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் இங்கே கோவையில் கடைசி வருஷம் பொறியியல் படிக்கும் தம்பி. வண்டி அம்சமாகத்தான் இருந்தது. பழைய சட்டத்தை வெட்டி நீட்டி, குழாய் வளைத்து, மாட்டுக்கொம்பு மாதிரி பின்னால் வளைந்த ஹேண்டில்பார், அகலமான சீட்டு, தடி டயர். 1933-ல் சிகாகோவின் ஷ்வின் கம்பெனி பலூன் டயர் போட்டு விற்கத் தொடங்கிய சைக்கிள்களின் வாரிசுதான் இந்த க்ரூஸர். நம் ஊர்ப் பையன்களுக்கு அதன் மேல் இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. எனக்கும் உண்டு.

"ஏனுங்கண்ணா, ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. இப்ப மோட்டார் சுத்துது, வண்டி நகரல" என்றார். கையால் திருகினேன். ஃப்ரீவீல் கழன்று கையோடு வந்துவிட்டது.

நடந்தது இதுதான். பெடல் செயின் வலது பக்கம் ஓடுகிறது, அதனால் மோட்டார் செயினை இடது பக்கம் கொண்டுபோக வேண்டும். இரண்டு பக்கமும் மரை போட்ட ஹப், அதாவது சக்கரத்தின் நடு உருளை, வாங்கி, கடையில் கிடைத்த சாதா ஃப்ரீவீலை இடது பக்கம் திருகிவிட்டார். சாதா ஃப்ரீவீல் வலது பக்கத்துக்காகச் செய்தது. வெளியிலிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்தால்தான் உள்ளே இருக்கும் நாக்கு பிடிக்கும். அதையே இடது பக்கம் மாட்டினால், வண்டி முன்னே போகும் திசை அதற்குத் தலைகீழ். மோட்டார் சுற்றும், ஃப்ரீவீல் டிக் டிக்கென்று சும்மா ஓடும், சக்கரம் அசையாது. மோட்டாரின் சிவப்பு, கறுப்பு ஒயரை மாற்றிப் பார்த்தாராம். வண்டி பின்னால் போயிருக்கிறது!

பிறகுதான் அந்த வெல்டிங். நாக்கு பிடிக்காவிட்டால் என்ன, ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஒட்டியதும் வண்டி ஓடியது. ஆனால் ஹப்பில் இருந்தது வலமரை, கடிகார முள் திசையில் திருகினால் இறுகும் மரை. வலது பக்கம் பெடல் மிதிக்க மிதிக்க அந்த மரை இறுகும். இடது பக்கம் அதே இழுவை ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றும். இரண்டு நாளில் கழன்றது அவருடைய நல்ல நேரம். கழலாமல் இருந்து, ஓட்டத்தில் செயின் நழுவிச் சட்டத்துக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே சிக்கியிருந்தால், ஒட்டிய ஃப்ரீவீலால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். உண்மையான ஃப்ரீவீலாக இருந்தால் அந்த நேரத்தில் சக்கரம் தனியாக உருளும். அந்தச் சின்ன நாக்கு ஆளைக் காப்பாற்றுகிற பாகம். அதை யாரும் ஒட்டாதீர்கள்.

இடது பக்கத்துக்கு இடமரை ஹப்பும், இடது பக்க இழுவைக்கென்றே செய்த ஃப்ரீவீலும் வேண்டும். தேடினால் கிடைக்கும். டிஸ்க் பிரேக் ஹப் இருந்தால், அதில் 44 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும் 6 துளையில் போல்ட் போட்டு, ஃப்ரீவீல் தாங்கும் அடாப்டரைப் பூட்டலாம். அப்படிச் செய்தால் பின் டிஸ்க் பிரேக் போய்விடும், அதற்குப் பதில் வேறு பிரேக் கட்ட வேண்டும். போக்ஸ் கம்பிகளை ரப்பர் வளையத்தால் கவ்விப் பல்சக்கரம் மாட்டும் முறையும் இருக்கிறது. நான் செய்து தருவதில்லை. கம்பி வண்டியின் எடையைத் தாங்கப் பின்னியது. அதன் நடுவில் முறுக்கினால் ஒவ்வொன்றாக அறும்.

முறுக்கு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நம் ஊரில் அதிகம் புழங்குவது எம்ஒய்1016இசட் வகை, 24 வோல்ட், 250 வாட், உள்ளேயே கியர் வைத்த மோட்டார். பளுவில் நிமிஷத்துக்கு 300 முதல் 330 சுற்று, முனையில் 9 பல். சக்கரத்தில் 18 பல் போட்டால் சுற்று பாதியாகி 160 வரும். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் போகும், ஆக மணிக்கு 20 கிலோமீட்டர். இந்த வேகத்திலேயே 9 பல்லின் மேல் செயின் இழுப்பது சுமார் 40 கிலோ. நின்ற இடத்தில் திராட்டிலை முழுசாகத் திருகினால் அது பல மடங்காகும்.

அந்த இழுவையை ஒற்றைத் தகட்டில் இரண்டு போல்ட்டால் தாங்கச் சொல்கிறார்கள். தகடு ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலே இரண்டு பல்சக்கரமும் நேர்க்கோட்டை விட்டு விலகும், செயின் துள்ளும். மோட்டாரை இரண்டு இடத்தில் பிடியுங்கள், குறுக்கே ஒரு தாங்கு கம்பி கொடுங்கள். பல்சக்கரங்களின் முகத்தில் எஃகு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். செயினை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும். இடது பக்கம் மட்டும் இழுப்பதால் அச்சு கவட்டில் முன்னால் நகர்ந்து, டயர் சட்டத்தில் உரசும். இரண்டு பக்கமும் செயின் டைட்டர் போடாமல் நான் வண்டியை வெளியே விடுவதில்லை.

9 பல் சின்னது, செயின் சீக்கிரம் தேயும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். அது ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம் நீண்டுவிட்டால் பல்சக்கரமும் செத்திருக்கும், சேர்த்து மாற்றுங்கள்.

பிரேக்குக்கு வருகிறேன். தம்பியின் வண்டியில் முன் பிரேக்கே இல்லை. கேபிள் தொங்கினால் அழகு கெடுகிறதாம். மிதிக்கும்போது 15 கிலோமீட்டரில் போன ஆள், மோட்டாரில் 25-ல் போனால், நிறுத்த வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு. பேட்டரியும் மோட்டாரும் ஏறிய எடை அதற்கு மேல். பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குத்தான் போகும், பின் பிரேக் மட்டும் இருந்தால் சக்கரம் தேய்த்துக்கொண்டு போகும். மழையில் எஃகு ரிம்மில் பிரேக் கட்டை எப்படிப் பிடிக்கும் என்பது சைக்கிள் மிதித்த எல்லோருக்கும் தெரியும். மோட்டார் கிட்டோடு வரும் பிரேக் லீவரில் இரண்டு மெல்லிய ஒயர் இருக்கும். பிடித்தவுடன் மோட்டாருக்குக் கரண்ட்டை நிறுத்துவது அதுதான். சரிபார்க்க வரும் வண்டிகளில் பாதியில் அது டேப் சுற்றிச் சும்மா கிடக்கிறது.

பேட்டரியில் எனக்குப் பயம் உண்டு. பழைய லேப்டாப் செல்களைப் பிரித்து ஒட்டிய பேக்கை என் பட்டறைக்குள்ளே விடமாட்டேன். 7 செல் வரிசையில் கட்டிய லித்தியம் அயான் பேக் 29.4 வோல்ட்டில் நிறையும். அதற்கென்றே வந்த சார்ஜரை மட்டும் போடுங்கள், லெட் ஆசிட் சார்ஜர் வேண்டாம். பி.எம்.எஸ்., அதாவது செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட், இல்லாத பேக் வேண்டாம். ஃப்யூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். ஒயர் உரசி ஷார்ட் ஆவது நடுவழியில்தான், மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடும் கண்ட்ரோலர் பக்கம் ஃப்யூஸ் வைத்துப் பயனில்லை. வெயிலில் ஓடிய சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். ராத்திரி கட்டிலுக்குக் கீழே, வாசற்படியை அடைத்து, சார்ஜ் போடவே போடாதீர்கள்.

24 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, முழு பளுவில் திராட்டிலில் மட்டும் போனால் 15 கிலோமீட்டர் வரும். மருதமலை ரோட்டில் ஏற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மிதித்துக்கொண்டே ஏறினால் ஏறும். மிதிக்காமல் ஏற்றினால் மோட்டாரின் கார்பன் வாசனை கீழே திரும்பும்வரை கூட வரும்.

அரசாங்க விதியையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25-க்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் அந்த வரம்புகளைச் சோதனை நிறுவனம் பார்த்துச் சான்று தர வேண்டும் என்றும் இருக்கிறது. சென்னை பக்கம் ஒரகடத்தில் இருப்பது போன்ற வாகனச் சோதனை மையங்கள் கம்பெனி மாடல்களுக்குத் தருவது அது. வீட்டில் கட்டிய வண்டியிடம் அது இருக்காது. 1000 வாட் மோட்டார் போட்டுவிட்டு சைக்கிள் என்று வாதாடினால் எடுபடாது, பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத மோட்டார் வண்டிதான் அது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் கேட்கிறார்கள், அதையாவது வாங்கி ஒட்டுங்கள்.

தம்பியின் வண்டிக்கு இடமரை ஹப் வந்து சேர மூன்று வாரம் ஆனது. முன் பிரேக் போட்டோம், சக்கரக் கோட்டம் எடுத்தோம். மோட்டாரை மட்டும் நான் பட்டறையிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் வெறும் பெடலில் ஓட்டி வரட்டும், சட்டத்தில் வெல்டிங் விட்டால் அதற்குள் தெரிந்துவிடும் என்பது என் வழக்கம்.

நேற்று வந்தார். "முன் பிரேக் நல்லாப் பிடிக்குதுங்கண்ணா. நீட்டின இடத்துல மட்டும் முடி மாதிரி ஒரு கோடு தெரியுது."

வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பெயின்ட் மட்டும் வெடிக்கவில்லை, வெல்டிங்கே விட்டிருந்தது. மோட்டார் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.