மீட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு காற்றாலை

பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் போகும் சாலையில் ஆனி, ஆடி மாதங்களில் பயணம் செய்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. தென்னந்தோப்புகளுக்கு மேலே வெள்ளை இறக்கைகள் சுழன்றுகொண்டிருக்கும். சற்றுத் தள்ளி ஒரு நூற்பாலையின் நீண்ட கட்டடம் தெரியும். அந்தக் காற்றாலையில்தான் இந்த ஆலை ஓடுகிறது என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் புத்தகத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கம்பியைப் பின்தொடர்ந்து போனால், காற்றாலையின் மின்சாரம் பெரும்பாலும் மின்வாரியத்தின் துணை மின்நிலையத்தில் போய்ச் சேர்கிறது. ஆலை தனக்கு வேண்டியதை மின்வாரியத்தின் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு இரண்டு மீட்டர்களின் கணக்கும் நேர் செய்யப்படுகிறது. முப்பந்தலில் காற்றாலை வைத்துக்கொண்டு கோவையில் நூல் நூற்கும் ஆலைகளுக்கும் இதே ஏற்பாடுதான்.

லண்டனின் கிழக்கே டேகனத்தில் உள்ள ஃபோர்டு டீசல் எஞ்சின் ஆலையில் கதை வேறு. 2004-இல் அந்த ஆலை வளாகத்திலேயே தலா 1.8 மெகாவாட் திறனுள்ள இரண்டு காற்றாலைகள் நிறுவப்பட்டன. இறக்கை நுனி வரை ஏறக்குறைய 120 மீட்டர் உயரம். 2011-இல் மூன்றாவதும் வந்தது. அங்கே விளையும் மின்சாரம் முதலில் அந்த ஆலைக்கே போகிறது. வெளி மின்கம்பியின் மீட்டருக்கு அந்தப் பக்கம் இல்லாமல், ஆலை இருக்கும் இந்தப் பக்கத்தில் நிற்கும் காற்றாலை அது.

கம்பி எந்தப் பக்கம் போனால் என்ன என்று தோன்றலாம். பணத்தில் அது பெரிய வேறுபாடு. மீட்டருக்கு இந்தப் பக்கம் விளையும் ஒவ்வொரு யூனிட்டும், மின்வாரியத்திடம் முழு விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டிய யூனிட். மின்வாரியத்தின் கம்பி வழியே மின்சாரத்தைக் கொண்டுவரக் கொடுக்கும் கம்பி வாடகை இல்லை, வழியில் இழப்பும் மிகக் குறைவு.

இந்த இணைப்பு வேலை செய்யும் விதம் எளிமையானது, அழகானது. காற்றாலையின் ஜெனரேட்டர் பொதுவாக 690 வோல்ட்டில் மின்சாரம் தருகிறது. அடியில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதை ஆலையின் உயர் அழுத்த இணைப்புக்கு ஏற்ப 11 ஆயிரம் அல்லது 22 ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அதன்பின் இரண்டு மூலங்களும் ஒரே கம்பியில் கைகோத்து நிற்கின்றன. ஆலைக்கு அந்த நொடியில் 1000 கிலோவாட் தேவை, காற்றாலை 700 தருகிறது என்றால், மீதி 300 தானாகவே மின்வாரியத்திலிருந்து வருகிறது. யாரும் சுவிட்சை மாற்றுவதில்லை. காற்று ஒரு நிமிடம் ஓய்ந்தால் மின்வாரியத்தின் பங்கு கூடும். ஆலையின் நூற்புக் கதிர்கள் எப்போதும்போல் சுழலும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். சொந்தக் காற்றாலை இருந்தால் மின்வெட்டில் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. பழைய வகைக் காற்றாலைகளின் ஜெனரேட்டர் தன் காந்தப்புலத்தை உண்டாக்கவே வெளிக் கம்பியிலிருந்து மின்னோட்டம் கேட்கும். புதிய வகைகளும் பொதுவாக 50 ஹெர்ட்ஸ் தாளத்தை, அதாவது மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலையும் தாளத்தை, வெளியிலிருந்தே பிடித்துக்கொள்கின்றன. வெளிக்கம்பி செத்தால், பாதுகாப்புக்காகக் காற்றாலையும் உடனே நின்றுவிடும். இல்லையென்றால் கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிருக்கு ஆபத்து.

இன்னொரு சிக்கல் பலர் கண்ணில் படுவதில்லை. ஆலையின் மோட்டார்களுக்கு, வேலை செய்யும் மின்திறனோடு காந்தப்புலத்துக்கான மின்திறனும் வேண்டும். இரண்டும் சேர்ந்த மொத்தத்தில் வேலை செய்யும் திறனின் விகிதம்தான் பவர் ஃபேக்டர். 1000 கிலோவாட் எடுக்கும் ஆலையில் அது 0.95 என்றால், இந்த இரண்டாவது வகை ஏறக்குறைய 330 கிலோவார் (இந்த வகைக்கான அலகு). காற்றாலை 700 கிலோவாட்டைத் தந்துவிடுகிறது. காந்தப்புலப் பங்கை அது தராவிட்டால், மின்வாரிய மீட்டர் பார்ப்பது 300 கிலோவாட்டும் அதே 330-உம். மீட்டரில் பவர் ஃபேக்டர் 0.67-க்குச் சரிந்துவிடும். ஆலைக்குள் எதுவும் கெடவில்லை, ஆனாலும் அபராதம் வரும். இதைச் சமாளிக்க, காந்தப்புலப் பங்கை ஆலைக்குள்ளேயே தரும் கெபாசிட்டர்களைக் கூட்ட வேண்டும், அல்லது காந்தப்புலப் பங்கையும் தரக்கூடிய புதிய வகைக் காற்றாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்தனை ஆதாயம் இருந்தும், நம் ஆலைகள் ஏன் வாசலிலேயே காற்றாலை வைக்காமல் கணவாய்களைத் தேடிப் போயின? காற்றின் கணக்கு அப்படி. காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்கிறது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பைக் கடக்கும்போது சுமார் 77 வாட் சுமந்து வருகிறது. வேகம் 10 மீட்டரானால் 612 வாட். வேகம் இரண்டு மடங்கு, ஆற்றல் எட்டு மடங்கு. இதில் அதிகபட்சம் 59.3 விழுக்காட்டைத்தான் எந்தச் சுழலியாலும் பிடிக்க முடியும் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே காட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் சுவரில் மோதும் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் நெருக்கப்பட்டு வேகம் கூடி வருகிறது. 5 மீட்டர் வேகமுள்ள ஆலை வாசலைவிட 7 மீட்டர் வேகமுள்ள கணவாயில் ஆற்றல் 2.7 மடங்கு. இந்த வேறுபாட்டுக்கு முன்னால் கம்பி வாடகையும் வழி இழப்பும் சிறியவை. பல்லடம், உடுமலை வட்டாரத்து ஆலைகளுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், கணவாயின் காற்று அவர்கள் வாசலுக்கே வருகிறது.

அப்போதும் கட்டடம் குறுக்கிடும். ஒரு கட்டடத்தின் பின்னால், அதன் உயரத்தைப்போல் இருபது மடங்கு தூரம் வரை காற்று குழம்பிக் கிடக்கும். மேலே இரண்டு மடங்கு உயரம் வரை அந்தக் குழப்பம் எட்டும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 15 மீட்டர் உயரக் கட்டடம் என்றால் 300 மீட்டர் தூரம், 30 மீட்டர் உயரம். கூரையில் பொருத்தும் சிறு காற்றாலைகளை ஆலைகளுக்கு விற்க வருபவர்களிடம் இந்தக் கணக்கை முதலில் கேளுங்கள். குழம்பிய காற்று மின்சாரத்தையும் குறைக்கும், சுழலும் தண்டின் தாங்கிகளையும் (பேரிங்) தேய்க்கும்.

என் பார்வையில், இடத்தைவிடக் கடினமான கேள்வி நேரம். 1000 கிலோவாட்டில் இடைவிடாது ஓடும் ஆலைக்கு ஆண்டுக்கு 87.6 லட்சம் யூனிட் வேண்டும். 2 மெகாவாட் காற்றாலை தன் முழுத் திறனில் கால் பங்கை ஆண்டுச் சராசரியாகத் தருவதாக எடுத்துக்கொண்டால் 43.8 லட்சம் யூனிட். தேவையில் சரியாகப் பாதி என்று கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த யூனிட்களில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான சீசனில் கொட்டிவிடும். நல்ல காற்றில் காற்றாலை 2000 கிலோவாட் தரும்போது ஆலை 1000-ஐத்தான் விழுங்கும். மீதி வெளியே போகும். பிப்ரவரியில் இறக்கை அசையாமல் நிற்கும் நாட்கள் உண்டு. மாதத்தில் ஒரு சிறு இடைவெளியில் காற்று ஓய்ந்தாலும், அந்த நேரத்துத் தேவைதான் உச்சத் தேவையாகப் பதிவாகும். ஆகவே மாதத்தில் ஒரே நேரத்தில் எடுத்த அதிகபட்ச மின்திறனைப் பார்த்துப் போடும் உச்சத் தேவைக் கட்டணம் அநேகமாகக் குறைவதில்லை.

தமிழ்நாட்டு ஆலைகள் இந்த இடைவெளியை பேங்கிங் என்ற ஏற்பாட்டால் நிரப்பின. சீசனில் மிஞ்சியதை மின்வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்துப் பிறகு எடுத்துக்கொள்வது. அதற்கு ஒரு பங்கை மின்வாரியம் கழித்துக்கொள்ளும். உண்மையில் எந்த யூனிட்டும் எங்கும் சேமிக்கப்படுவதில்லை; ஆடியில் மற்றவர்கள் பயன்படுத்திவிட்டதற்கு மாசியில் வேறு மின்நிலையம் ஈடு கட்டுகிறது. இந்த வசதியைச் சுருக்க வேண்டும் என்று மின்வாரியமும், நீடிக்க வேண்டும் என்று ஆலைகளும் பல ஆண்டுகளாக வாதாடி வருகின்றன. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வசதி நீடிக்கும் என்று நம்பி 20 ஆண்டு ஓடும் இயந்திரத்தை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வளாகத்தில் காற்றாலை வைக்க நினைக்கும் ஆலைக்கு நான் சொல்வது இதுதான். இறக்கை மையம் வரவிருக்கும் உயரத்துக்கு இயன்றவரை நெருங்கிய உயரத்தில் ஓராண்டு காற்றை அளவிடுங்கள். அதே ஓராண்டில் ஆலையின் மின்தேவையையும் மணிக்கு மணி குறித்துவையுங்கள், தீபாவளி விடுமுறை உட்பட. அந்தக் காற்றில் காற்றாலை தரக்கூடிய மின்திறனையும் ஆலையின் தேவையையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். இரண்டு கோடுகளுக்கும் பொதுவாக அடியில் விழும் பரப்புதான் உங்களுக்கு முழு விலை பெற்றுத்தரும் யூனிட். காற்றின் கோடு மேலே தனியாக எழும் இடமெல்லாம் அடுத்தவருக்குப் போகும் யூனிட். 2 மெகாவாட்டுக்குப் பதில் 1 மெகாவாட் போதுமா என்று அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.