வண்டி உயர்ந்தது, கால் நீளவில்லை

பெங்களூரு ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாகப் பட்டறை நடத்தும் மேஸ்திரி ஒருவரிடம், என் நண்பர் தமது பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் 100 வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். பலரிடம் கைமாறி வந்த வண்டி அது. கனகபுரா, ராமநகரா பக்கத்துக் கருங்கல் பாறைகளில் ஏறி இறங்குவதற்காக அதை இரண்டு அங்குலம் உயர்த்தவும், சக்கரங்கள் மேலும் கீழும் அசையும் தூரத்தைக் கூட்டவும் வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. மேஸ்திரி வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கு விதை: “சார், வண்டியத் தூக்குறது ஒரு வேலை, காலை நீட்டுறது வேற வேலை. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சா ரெண்டும் கெடும்.”

அந்த வண்டியில் இருப்பது சாதாரண சஸ்பென்ஷன் (சக்கரங்களுக்கு மேல் வண்டியைத் தாங்கி அதிர்வை ஏற்கும் அமைப்பு) அன்று, ஹைட்ராலிக் சஸ்பென்ஷன். சாதாரண வண்டியில் பாரத்தைத் தாங்குவது எஃகு வில். அது சுருள் வடிவில் இருக்கலாம், பட்டையாக அடுக்கப்பட்டிருக்கலாம். வில் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெய் இருந்தாலும் அது பாரத்தைத் தாங்குவதில்லை. சிறு துளைகள் வழியாக எண்ணெய் பிதுங்கும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது, அவ்வளவுதான். ஹைட்ராலிக் சஸ்பென்ஷனிலோ அதே உருளையில் உள்ள எண்ணெய் அழுத்தத்தோடு நின்று, பாரத்தையும் தாங்குகிறது. ஜே.சி.பி. இயந்திரத்தின் கையைத் தூக்கும் அதே தத்துவந்தான்: அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதி.

ஆனால் எண்ணெய் சுருங்காது. எண்ணெயை மட்டும் வைத்து ஒரு வண்டியை நிறுத்தினால் அது ஜே.சி.பி.யின் கை போலவே விறைத்து நிற்கும். ஒவ்வொரு கல்லும் ஓட்டுநரின் முதுகெலும்பில் வந்து சேரும். ஆகவே அந்த எண்ணெய்க் குழாயோடு ஒரு சிறு உலோகக் குண்டை இணைக்கிறார்கள். குண்டின் நடுவே ஒரு ரப்பர்ச் சவ்வு. ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் உயர் அழுத்த நைட்ரஜன். சக்கரம் மேட்டில் ஏறும்போது தள்ளப்படும் எண்ணெய் சவ்வை அழுத்த, நைட்ரஜன் சுருங்கி, பின்பு விரிந்து எண்ணெயைத் திருப்பித் தள்ளுகிறது. வில்லாக வேலை செய்வது வாயு. அந்த வில்லுக்கும் சக்கரத்துக்கும் இடையே நீளும் குறுகும் தண்டாக இருப்பது எண்ணெய். பம்பு கூடுதல் எண்ணெயை உள்ளே தள்ளினால் தண்டு நீளும், வண்டி உயரும், வெளியேற்றினால் தாழும்.

பிரான்சின் சித்ரோயென் நிறுவனத்தில் பால் மாஜெஸ் உருவாக்கிய இந்த ஏற்பாடு, 1954-இல் ஒரு காரின் பின்சக்கரங்களுக்கு மட்டும் வந்து, 1955-இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான டி.எஸ். காரில் நான்கு சக்கரங்களுக்கும் பரவியது. நம் ஊருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், சென்னையை அடுத்த ஆவடியில் வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் பீரங்கி வண்டியும் எண்ணெயும் வாயுவும் சேர்ந்த சஸ்பென்ஷனில்தான் ஓடுகிறது.

லேண்ட் குரூசரில் இருப்பது கலப்பு முறை. முன்புறம், முறுக்கேறி வில்லாக வேலை செய்யும் முறுக்குத் தண்டுகளும் பின்புறம் சுருள் வில்களும் பாரத்தின் ஒரு பகுதியை ஏற்கின்றன. மீதியை எண்ணெயும் நைட்ரஜனும் ஏற்கின்றன. வண்டியின் உயரத்தை அளக்க முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என உணரிகள் உள்ளன. ஒவ்வோர் உணரியும் ஒரு சிறு இணைப்புக் கம்பியால் சக்கரப் பக்கத்தோடு கோக்கப்பட்டிருக்கும். கம்பியின் கோணத்தைப் பார்த்துத்தான், வண்டி தாழ்ந்திருக்கிறதா உயர்ந்திருக்கிறதா என்று கணினி முடிவு செய்கிறது. ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் வழக்கமான நிலையிலிருந்து ஏறத்தாழ 40 முதல் 50 மி.மீ. வரை உயரும், வேகம் கூடினால் தானாகவே தாழ்ந்துவிடும்.

இந்த உணரிதான் முதல் சபலம். இணைப்புக் கம்பியைச் சற்று மாற்றிப் பூட்டினால், வண்டி தாழ்ந்திருப்பதாகக் கணினி ஏமாந்து, எண்ணெயைத் தள்ளி உயர்த்திவிடும். செலவு ஏதுமில்லை, அரை மணி நேர வேலை. நண்பரின் வண்டிக்கு ஏற்கெனவே வேறொரு பட்டறையில் இந்த வைத்தியம்தான் நடந்திருந்தது. வண்டி கம்பீரமாக நின்றது. ஆனால் மாட்டுவண்டி போலக் குதித்தது.

ஏன் குதித்தது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். எண்கள் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை. பின்சக்கரம் ஒன்றின் மேல் 5,900 நியூட்டன் பாரம் இருப்பதாகவும், அதில் சுருள் வில் 3,500 நியூட்டனையும் எண்ணெய் 2,400 நியூட்டனையும் தாங்குவதாகவும் கொள்வோம். ஹைட்ராலிக் உருளைக்குள் ஏறி இறங்கும் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு 400 சதுர மி.மீ. என்றால் எண்ணெயின் அழுத்தம் 6 மெகாபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு. இப்போது உணரியை ஏமாற்றி 50 மி.மீ. உயர்த்துகிறோம். சுருள் வில் 50 மி.மீ. விரிந்துவிட்டது. ஒரு மி.மீ.க்கு 30 நியூட்டன் என்ற கடினம் உள்ள வில் அது என்றால், 1,500 நியூட்டன் பாரத்தைக் கைவிட்டுவிட்டது. பாரம் எங்கும் போய்விடாது. அந்த 1,500-உம் எண்ணெயின் தலையில்தான் இறங்கும். எண்ணெய் இப்போது 3,900 நியூட்டனைத் தாங்க வேண்டும். அழுத்தம் ஏறத்தாழ 9.75 மெகாபாஸ்கல்.

அழுத்தம் 1.6 மடங்கு ஆனால், பாயில் விதிப்படி குண்டிலுள்ள நைட்ரஜனின் கனஅளவு அதே அளவால் வகுபடும். வாயு வில்லின் கடினமோ அழுத்தத்துக்கு நேர்விகிதத்திலும் கனஅளவுக்கு எதிர்விகிதத்திலும் மாறுவது. ஆகவே அது 1.6 மடங்கோடு நிற்காமல் 2.6 மடங்கு ஆகிவிடுகிறது. குண்டில் முதலில் 160 கன செ.மீ. வாயு இருந்தது என்றால், வாயு வில்லின் கடினம் மி.மீ.க்கு 6 நியூட்டனிலிருந்து 16 நியூட்டனாக ஏறும். பக்கத்தில் உள்ள சுருள் வில்லையும் சேர்த்தால் மொத்தம் 36-லிருந்து 46. நான்கில் ஒரு பங்குக்கு மேல் விறைப்பு கூடிவிட்டது. பம்பும், கசிவைத் தடுக்கும் சீல்களும், குண்டின் சவ்வும் ஓய்வில்லாமல் இந்தக் கூடுதல் அழுத்தத்தைச் சுமக்கின்றன என்பது தனிக் கணக்கு.

சவ்வு நல்ல நிலையில் உள்ளதா என்று மேஸ்திரி பார்த்த விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வண்டியைத் தாழ்ந்த நிலையில் நிறுத்தி, எண்ணெய்த் தொட்டியின் பக்கவாட்டுக் கோடுகளில் மட்டம் எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் ஒரு கோடு போட்டார். பிறகு உயர்ந்த நிலைக்கு ஏற்றச் சொல்லி, இறங்கிய மட்டத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே இரண்டு விரல் அகலம்கூட இல்லை. வண்டி உயரும்போது தண்டுகளை நிரப்ப எவ்வளவு எண்ணெய் போக வேண்டுமோ அது மாறாதது. அதற்கு மேல், அழுத்தம் கூடுவதால் நைட்ரஜன் சுருங்கி விடும் இடத்திலும் எண்ணெய் போய் நிரம்பும். நைட்ரஜன் ஆண்டுக்கணக்கில் கசிந்து போயிருந்தால் சுருங்குவதற்கு வாயுவே இல்லை, எண்ணெயும் போகாது. கோடுகள் நெருங்கி நின்றால் குண்டுகளின் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஒரு ஸ்கேனரும் இல்லாமல், மார்க்கரையும் பாயில் விதியையும் வைத்துச் செய்த நோய்க்கணிப்பு.

குண்டுகளை மாற்றுவதற்கு முன் அழுத்தத்தை முழுவதும் வடித்தாக வேண்டும். இவ்வளவு அழுத்தத்தில் ஊசிமுனைத் துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளி போலத் தெரிந்தாலும் அறுவைச் சிகிச்சை வரை இழுத்துச் செல்லும் காயம் அது. கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது, அட்டைத் துண்டை நீட்டித்தான் தேட வேண்டும்.

இனி இரண்டாவது கோரிக்கை, சக்கரத்தின் வீச்சு; பட்டறைப் பேச்சில் டிராவல். பாறைப் பாதையில் இதுதான் முதன்மையானது என்பது என் கருத்து. ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது அதே அச்சின் மறுபக்கச் சக்கரம் பள்ளத்துக்குள் தொங்கி நிலத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அது அந்தரத்தில் சுழலும். இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டு இல்லாத வண்டி அங்கேயே நின்றுவிடும். தண்டின் மொத்த வீச்சு 200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், வழக்கமான உயரத்தில் மேலே 100, கீழே 100 என்று பங்கு பிரிந்திருக்கும். எண்ணெயை ஏற்றி 50 மி.மீ. உயர்த்தினால் தண்டு அந்த அளவு ஏற்கெனவே நீண்டுவிட்டது. மேலே போக 150 உண்டு. கீழே தொங்க 50-தான் மிச்சம். பொத்தானை அழுத்தி இன்னும் 50 உயர்த்தினால் கீழ்நோக்கிய வீச்சு பூஜ்யம். சிறு குழி வந்தாலும் தண்டு முழு நீளத்தில் ‘டக்’கென்று முட்டி நிற்கும், சக்கரம் தொங்காது. ராமநகராவில் நண்பரின் வண்டி, இடுப்பளவு உயர்ந்து நின்றும், முழங்கால் அளவுப் பாறையில் ஒரு சக்கரத்தை ஆகாயத்தில் ஆட்டிக்கொண்டு நின்றதற்குக் காரணம் இதுதான். உயரத்துக்கான விலையை வீச்சிலிருந்து கொடுத்திருந்தார்.

இதைச் சரிசெய்ய மேஸ்திரி சொன்ன வழி, உயரத்தை எண்ணெயிடம் கேட்காமல் இரும்பிடம் கேட்பது. சுருள் வில்லின் அடியில் 30 மி.மீ. தடிப்புள்ள வளையம் வைத்தால், வண்டி 30 மி.மீ. உயர்ந்த பிறகும் வில் பழைய அளவே அழுந்தியிருக்கும். பழைய பங்கைத் தாங்கும். எண்ணெய் அழுத்தம் ஆலை நிர்ணயித்த அளவுக்குத் திரும்பும். முன்புறம் முறுக்குத் தண்டின் திருகை முடுக்கினால் அதே பலன். ஹைட்ராலிக் உருளையின் தாங்கியிலும் 30 மி.மீ. நீட்டிப்புத் துண்டு வைத்தால் தண்டு மறுபடி நடுநிலைக்கு வரும். மேலே 100, கீழே 100. ஆனால் அச்சு அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்த் தடுப்புக் கட்டையையும் அதே 30 மி.மீ. கீழே இறக்கியாக வேண்டும். மறந்தால், பெரிய பள்ளத்தில் விழும்போது கட்டையில் முட்டுவதற்கு முன் உருளையின் அடித்தட்டில் தண்டு மோதும்; அந்த உருளையின் விலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம்.

மொத்த வீச்சு 200 என்பது இதிலும் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதைக் கூட்ட நீளமான உருளை வேண்டும், அல்லது இருக்கும் உருளையைச் சாய்த்துப் பொருத்த வேண்டும். நிமிர்ந்து நின்ற தண்டை 30 பாகை சாய்த்தால் அதே 200 மி.மீ. தண்டுக்குச் சக்கரம் ஏறத்தாழ 230 மி.மீ. அசையும். இலவசம் போலத் தோன்றும் இந்த 30 மி.மீ.க்கும் விலை உண்டு: துள்ளலை அடக்கும் திறன் நான்கில் மூன்று பங்காகக் குறைகிறது, அதே பாரத்தைத் தாங்க எண்ணெய் அழுத்தம் 15 விழுக்காடு கூட வேண்டியிருக்கிறது. அச்சு கூடுதலாக ஆடினால் எண்ணெயும் கூடுதலாகச் சூடேறும். சூடேறிய எண்ணெய் நீர்த்து, அடக்கும் திறன் மேலும் சரியும்.

நீளமான உருளை வாங்கியவரும் அதோடு தப்ப முடியாது. முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் இந்த வண்டியில், சக்கரத்துக்குத் திருப்புவிசையைக் கொண்டுபோகும் அச்சுகளின் மூட்டுகள் ஓரளவு கோணத்துக்கு மேல் மடங்கினால் ரப்பர் உறை கிழிந்து, மசகு வெளியேறி, மூட்டே தேயும். பின்னால் பிரேக் ஹோஸ். பட்டறையில் பின்னச்சை முழுவதும் தொங்கவிட்டபோது, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸிலிருந்து அச்சுக்குப் போகும் ஹோஸ் வீணைத் தந்தி போல விறைத்து நின்றதை மேஸ்திரி விரலால் சுண்டிக் காட்டினார். முந்தைய பட்டறை பார்க்காமல் விட்ட இடம் அது.

வண்டி உயர்ந்தால் ஈர்ப்பு மையமும் உயரும். சக்கர இடைவெளி 1,500 மி.மீ., ஈர்ப்பு மையம் 700 மி.மீ. உயரத்தில் உள்ள வண்டி, அசையாமல் நிற்கையில், ஏறத்தாழ 47 பாகைச் சாய்வில் கவிழும் எல்லையை எட்டும். மையம் 75 மி.மீ. உயர்ந்தால் அந்த எல்லை 44 பாகை. மூன்று பாகை சிறிதாகத் தெரியலாம். வெளிவட்டச் சாலையில் திடீரென ஒடித்துத் திருப்பும்போது எல்லை இன்னும் முன்னதாகவே வந்துவிடும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும், 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது என்பதையும் நண்பரிடம் சொன்னேன். இரண்டு அங்குலம் என்ற பேச்சு 30 மி.மீ.க்கு இறங்கியதில் அதற்கும் பங்குண்டு.

நான்கு நாள் வேலை. புதிய குண்டுகள், வில்லுக்கு வளையம், உருளைக்கு நீட்டிப்பு, தடுப்புக் கட்டைக்கு அடியில் மரையாணி போட்ட இரும்புத் துண்டு, நீளமான பிரேக் ஹோஸ், பழைய இடத்துக்குத் திரும்பிய உணரிக் கம்பி, அதன் பிறகு புதிய உயரத்துக்கு ஏற்ற சிறு திருத்தம். எண்ணெயில் சிக்கிய காற்றை வடிக்கவே ஒரு முழு மாலை ஆனது. கடைசியாக அச்சை ஜாக்கியால் மேலே முட்டும் வரை ஏற்றி, பிறகு கீழே முழுதாகத் தொங்கவிட்டு, மேஸ்திரி டேப்பால் அளந்தார். டிராவல் எவ்வளவு கூடியிருக்கிறது என்று நண்பர் ஆவலாகக் கேட்டார். மேஸ்திரி, வேலை தொடங்கிய அன்று சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்த எண்ணைக் காட்டினார். டேப்பும் அதே எண்ணைத்தான் சொன்னது.