சாலைச் சந்திப்பில் ஓட்டுநரின் கண்ணுக்குக் கிடைக்கும் நொடிகள்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. குறுக்குச் சாலையில் ஒரு வாகனம் வருவதைக் கண்டு, ஆபத்தை உணர்ந்து, காலைப் பிரேக்குக்குக் கொண்டுசெல்ல, வடிவமைப்புக் கணக்குகளில் பொதுவாக 2.5 நொடி ஒதுக்குகிறார்கள். அந்த நேரத்திற்குள் கார் 42 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்தபின் நிற்க இன்னும் சுமார் 40 மீட்டர் வேண்டும். வேகம் 80 கிலோமீட்டரானால், பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுவதால், மொத்தத் தேவை 130 மீட்டரை நெருங்கிவிடுகிறது.

இந்தத் தூரத்தை இரு சாலைகளிலும் அளந்து, அவற்றின் முனைகளை ஒரு கோட்டால் இணைத்தால் பார்வை முக்கோணம் கிடைக்கும். கார் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.1 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதால், அந்த முக்கோணத்திற்குள் மதில், புதர், விளம்பரப் பலகை என எதுவும் அந்தப் பார்வைக் கோட்டை மறைக்கக் கூடாது. கிளைச்சாலையில் நின்று, பிரதான சாலையைக் குறுக்கே கடந்து திரும்ப வேண்டிய காருக்கு இன்னும் அதிகம் தேவை: ஏறத்தாழ 7.5 நொடி இடைவெளி, அதாவது 60 கிலோமீட்டர் வேகச் சாலையில் 125 மீட்டர். முனையை ஒட்டி நிறுத்தப்படும் வேன் ஒன்றே இத்தனை கணக்கையும் பாழாக்கிவிடும். வரைபடத்தில் அது இருப்பதே இல்லை என்பதால், அங்கே வாகனம் நிற்க முடியாதபடி நடைபாதையைச் சாலைக்குள் நீட்டிக் கட்டுவதே உறுதியான வழி என்று கருதுகிறேன்.

ஆனால் மறைப்பு எதுவுமே இல்லாத வெட்டவெளியிலும் உயிர்கள் போகின்றன. இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியிலுள்ள இப்லி சந்திப்பு இதற்குப் பெயர்பெற்றது. சுற்றிலும் புல்வெளியாகவே இருந்தும் அங்கே சைக்கிள் ஓட்டிகள் காரில் அடிபட்டு இறந்தார்கள். காரணம் வடிவியலில் இருக்கிறது. இரு வாகனங்கள் மாறாத வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி, ஒரே நேரத்தில் சேரும்படி வந்தால், ஒருவரின் பார்வையில் மற்றவர் எப்போதும் ஒரே கோணத்தில் நிற்பார். இடப்பக்கமோ வலப்பக்கமோ நகரவே மாட்டார். கண்ணின் ஓரப்பார்வை அசைவைத்தான் எளிதில் கவனிக்கும். அந்தக் கோணம் காரின் முன்கண்ணாடியைத் தாங்கும் பக்கத் தூணோடு பொருந்திவிட்டால், சைக்கிளில் வருபவர் கடைசி நொடிவரை தூணுக்குப் பின்னாலேயே மறைந்திருப்பார். சாலைகள் சாய்வாக வெட்டிக்கொள்ளும் இடங்களில், கழுத்தை அதிகம் திருப்ப வேண்டியிருப்பதும் சேர்ந்துகொள்கிறது. முதியவர்களுக்கு அது கடினம்.

ஆகவே, சந்திப்பை நெருங்கும் கிளைச்சாலையைச் சற்று வளைத்து, செங்கோணத்திற்கு அருகில் கொண்டுவந்து இணைக்கிறார்கள். எதிரெதிரான இரு கிளைகளையும் விலக்கி, இரண்டு முச்சந்திகளாகப் பிரிப்பது இன்னும் நல்லது. யாரும் நேராகப் பாய்ந்து கடக்க முடியாது. ஒவ்வொருவரும் வேகம் குறைத்துத் திரும்பித்தான் ஆக வேண்டும்.

ரவுண்டானாவில் இந்தக் கொள்கை முழுமை பெறுகிறது. சாதாரண நாற்சந்தியில் வாகனப் பாதைகள் 32 இடங்களில் மோதிக்கொள்ள வாய்ப்புண்டு. ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8 இடங்கள் மட்டுமே. உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை என்ற விதியைப் பிரிட்டன் 1966-இல் ஏற்றது. இங்கே பார்வை அளவுக்கு மிஞ்சுவதும் கேடாகும்: தூரத்திலேயே வட்டம் காலியாகத் தெரிந்தால், ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காமல் நுழைய முடிவெடுத்துவிடுவார், பின்னர் கண்ணில் படும் வாகனத்திற்காக நிற்க அவருக்கு நேரம் இருக்காது. அதனால் வேகமான சாலைகளில் பக்கவாட்டுப் பார்வையை வேலியாலோ செடிகளாலோ வேண்டுமென்றே மறைத்து, நுழைவுக் கோட்டுக்குச் சுமார் 15 மீட்டர் தொலைவுக்கு வந்தபின்பே அது திறக்கும்படி அமைப்பதுண்டு.