கரிச்சுவரை முதலில் நனைக்காதீர்கள்

வாணலி எண்ணெய் பற்றி எரிந்து அணைந்த அடுப்படியில், சுவரைக் கெடுப்பது பல நேரம் தீயல்ல, அடுத்த அரை மணி நேரத்தில் நாம் எடுக்கும் ஈரத்துணிதான். தேய்த்தால் கரி போகாது. சாம்பல் பட்டையாக இழுபட்டுப் பூச்சுக்குள் இறங்கிவிடும்.

புகைக்கரியின் ஒரு துகள் சில பத்து நானோமீட்டர்தான். துகள்கள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாகும். அதன்மேல் அரைகுறையாக எரிந்த எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். சூடான காற்றில் மிதக்கும் துகள் குளிர்ந்த பரப்பை நோக்கித் தள்ளப்படும். ஆணித் தலையிலும் வெளிச்சுவர் மூலையிலும் கரி கூடுதலாக அப்புவது இதனால்தான். தீக்குப் பின் விட்டத்து மூலையில் தொங்கும் ‘ஒட்டடை’ பல வீடுகளில் சிலந்தி கட்டியதே அல்ல, கரிச் சங்கிலி.

அடுப்படிக்கு வரும் மின்சாரத்தை அணைத்து, கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து, என்95 முகக்கவசத்தோடு தொடங்குங்கள். முதலில், மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர், வேறு அறையின் பிளக்கிலிருந்து. சாதாரண இயந்திரம் நுண்கரியைப் பின்பக்கமாக அறைக்கே ஊதிவிடும். முனை சுவரைத் தொடக்கூடாது. அடுத்து, கரி துடைக்கும் உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்ச். மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் தேய்க்கக்கூடாது. ஸ்பாஞ்சின் ஒரு பக்கம் கறுத்தால் திருப்புங்கள், நான்கு பக்கமும் கறுத்தால் பிளேடால் சீவி எடுங்கள். கழுவினால் அது பிறகு கரியைப் பிடிக்காது.

இனித்தான் தண்ணீர். ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா, கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் திரவம். சோடாவின் காரம் பிசுக்கைச் சுவரிலிருந்து விடுவிக்கும். கையுறை அவசியம். இப்போது திசை மாறும்: கீழிருந்து மேலே. மேலே ஆரம்பித்தால் கறுப்பு நீர் உலர்ந்த கரியின்மேல் வழிந்து, எளிதில் போகாத கோடுகளை விட்டுவிடும். சாதாரண டிஸ்டம்பர் நீரில் கரையும், ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். அலுமினியப் பாத்திரத்தில் இந்தக் கரைசல் வேண்டாம், அரித்துக் கறுக்கும்.

ஏபிசி என்ற உலர்தூள் வகைத் தீயணைப்பானைப் பயன்படுத்தியிருந்தால் அந்த மஞ்சள் தூளையும் உலர்வாகவே அள்ளுங்கள். அதிலுள்ள மோனோ அம்மோனியம் பாஸ்பேட் ஈரம் பட்டால் அமிலத்தன்மை அடைந்து உலோகத்தை அரிக்கும். எஞ்சிய படலத்தை ஆப்பசோடா கரைத்த நீரில் துடைக்கலாம். கேஸ் டியூப், அனல் பட்ட வயர், சுவிட்ச் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். திறந்திருந்த மளிகையும் மாத்திரைகளும் குப்பைக்கு.

பெயிண்டர்கள் சறுக்குவது கடைசியில். கரிக் கறைமேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால், அதிலுள்ள நீரே பிசுக்கைக் கரைத்து மேலே கொண்டுவரும். இரண்டு கோட் அடித்தாலும் மஞ்சள் கறை எட்டிப் பார்க்கும். சுவர் முழுதாக உலர்ந்தபின் ஷெல்லாக் (அரக்கு) அல்லது எண்ணெய் வகைக் கறைதடுப்பு பிரைமர், அதன்மேல்தான் எமல்ஷன். கப்போர்டுகளின் பின்பக்கப் பலகைக்கும் அந்தப் பிரைமரை அடிக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் புகைவாடை திரும்பி வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.