பி.எம்.எஸ். என்கிற கங்காணி

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியில் சோலார் பேட்டரி மாட்டி முடித்துவிட்டு பில் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பில்லை வாங்கிப் பார்த்தவர் மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"பி.எம்.எஸ். போர்டு ஒன்று. இது என்ன தம்பி?"

"பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், ஐயா. பேட்டரிக்குள் ஒவ்வொரு செல்லையும் கவனிக்கும் சர்க்யூட் போர்டு."

"அது சரி. தமிழில் என்ன?"

மின்கல மேலாண்மை அமைப்பு என்று சொன்னேன். தப்பில்லாத சொல்தான். ஆனால் அவர் முகத்தில் திருப்தி இல்லை, உள்ளூர எனக்கும் இல்லை. நாள் முழுக்க வாயில் புரளும் சொல்லை ஒருமுறையாவது பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பேட்டரியிலிருந்து தொடங்கலாம். அடிப்பது, தாக்குவது என்ற பொருள் கொண்ட பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் அது. முதலில் அடிதடி, அப்புறம் கோட்டைச் சுவரை அடித்து நொறுக்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகள். வேலூர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியோடு வந்த ஆங்கிலேயக் குதிரைப் படை கதவைப் பீரங்கியால் பிளந்துதான் உள்ளே நுழைந்தது. பீரங்கி வரிசைக்கு இருந்த பெயரை மின்சாரத்துக்கு இழுத்து வந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1749-இல் அவர் 11 ஜன்னல் கண்ணாடிகளுக்கு இருபுறமும் மெல்லிய ஈயத் தகடு பொருத்தி, எல்லாவற்றையும் சேர்த்து இணைத்து, அந்த வரிசைக்கு மின் பேட்டரி என்று பெயர் வைத்தார். இன்றைய கணக்கில் அது பேட்டரியே இல்லை, மின்னூட்டத்தைத் தேக்கி மட்டும் வைக்கும் பெரிய கெப்பாசிட்டர். உண்மையான மின்கலத்தை வோல்ட்டா செய்து காட்டியது 1800-இல். ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. வரிசையாக நிற்பது என்ற பொருள் அதற்குள் ஒளிந்திருப்பதால், ஒற்றைப் பென்சில் செல்லை பேட்டரி என்பது கணக்குப்படி தவறு. நானும் கடையில் அப்படித்தான் சொல்கிறேன், அது வேறு விஷயம்.

செல் என்றால் லத்தீனில் சின்ன அறை. ஜெயில் அறைக்கும் அதே சொல்தான். தொரப்பாடி மத்திய சிறை இருக்கும் ஊரில் ‘செல்லில் போட்டிருக்கிறேன்’ என்று போனில் சத்தமாகச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

தமிழில் இந்த இரண்டையும் ஆங்கிலத்தைவிடத் துப்புரவாகப் பிரித்திருக்கிறார்கள். செல் மின்கலம், பேட்டரி மின்கல அடுக்கு. கலம் என்றால் பாத்திரம், கப்பல், நகை, நெல் அளக்கும் 12 மரக்கால், இத்தனையும். எதையாவது தாங்கி வைத்திருப்பது என்பதே இதில் பாத்திரத்துக்கும் கப்பலுக்கும் பொது. மின்கலன் என்று எழுதினாலும் சரிதான். நிலம் நிலன் ஆவதுபோல கலம் கலன் ஆகும்.

மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றும் பேட்டரிக்குப் பாடநூலில் சேமக்கலம் என்ற சொல்லும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை. சேமக்கலம் என்றால் பழைய வழக்கில் சேகண்டி, குச்சியால் தட்டி ஒலி எழுப்பும் வெண்கலத் தட்டு. அடிப்பதிலிருந்து அங்கே ஒரு பேட்டரி பிறந்தது. இங்கே அடித்து ஒலிக்கும் கருவியின் பெயர் பேட்டரிக்கு வந்து சேர்ந்தது. யாரும் திட்டமிட்டதில்லை, தற்செயல்தான். ஐயாவிடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தது இதற்கு மட்டும்தான்.

இப்போது சிக்கலான சொல். மேனேஜ்மென்ட்டின் வேர் லத்தீனில் ‘கை’. இத்தாலியில் குதிரையைக் கையாளப் பழக்குவதற்கு வழங்கிய சொல் ஆங்கிலத்துக்குப் போய் ஆபீசை நடத்துவதற்கு ஆனது. தமிழ் மேலாண்மை மேல், ஆண்மை என்று பிரியும். ஆண்மை இங்கே ஆளும் தன்மை. தாளாண்மை, வேளாண்மை, வாளாண்மை மூன்றையும் ஒரே குறளில் அடுக்கியிருக்கிறாரே வள்ளுவர், அந்த ஆண்மை. ஆக, மேலே இருந்து ஆள்வது. நல்ல சொல், கம்பெனிக்குப் பொருந்தும்.

ஆனால் பேச்சுத் தமிழில் ‘மேனேஜ் பண்ணிக்கலாம்’ என்றால் என்ன பொருள்? சமாளித்துக்கொள்ளலாம். சம்பளம் வரும்வரை மேனேஜ் பண்ணு, தண்ணீர் வராவிட்டால் மேனேஜ் பண்ணு. இந்தப் பொருளை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆட்கள் பி.எம்.எஸ்.ஸைப் பார்க்கிறார்கள். பேட்டரிக்குள் ஏதோ ஒரு செல் சோர்ந்தால் மேனேஜ்மென்ட் சிஸ்டம் சமாளித்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். அது எதையும் சமாளிக்காது. வரம்பு தாண்டினால் கரண்ட்டை வெட்டும், அதுதான் அதன் பிரதான வேலை.

காட்பாடியிலிருந்து இ-ஆட்டோ ஓட்டும் ஒருவர் வந்தார். "இன்னாண்ணா, மீட்டர்ல பாதி காட்டுது, வண்டி நின்னுடுது. போர்டு போயிடுச்சா?" திறந்து பார்த்தால் 16 செல்லில் 15 செல் 3.2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தெம்பாக நிற்கின்றன. ஒன்பதாவது செல் மட்டும் ஆக்சிலேட்டரைத் திருகியதும் 2.5-க்கு விழுகிறது. இந்த வகை லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லுக்கு அதுதான் கீழ்வரம்பு, மேல்வரம்பு 3.65. பி.எம்.எஸ். மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறாது, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒன்று தரையைத் தொட்டாலும் எல்லாரையும் நிறுத்திவிடும். போர்டு போகவில்லை, ஒழுங்காக வேலை செய்கிறது என்று அவருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. வேறு ஒரு கடையில் போர்டைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துத் தருவதாகச் சொன்னார்களாம். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு. பி.எம்.எஸ். இல்லாத லித்தியம் பேட்டரியை அதில் சேர்த்துவிட வேண்டாம்.

பழைய ஈய அமில பேட்டரிக்கு இந்த போர்டு ஏன் இல்லை என்று கேட்பார்கள். அது கொஞ்சம் கூடுதலாகச் சார்ஜ் ஆனால் தண்ணீரைக் கொதிப்பதுபோல் வாயுவாக விட்டுவிட்டுத் தாங்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினால் போதும். அதற்குள் நிறைந்த செல் காத்திருக்க, பின்தங்கிய செல் வந்து சேர்ந்துவிடும். லித்தியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. போர்டில் இருக்கும் சமன்செய்யும் வசதியும் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை. நிறைந்த செல்லின் உபரியைச் சின்ன ரெசிஸ்டர் வழியாகச் சூடாக்கி வீணாக்கும், அவ்வளவுதான். செல்களைச் சேர்த்துக் கட்டிய பேக் ஒன்றின் கொள்ளளவு 100 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு செல் 5 ஆம்பியர்-மணி முந்தி நின்றால், 100 மில்லிஆம்பியரில் வடிக்க 50 மணி நேரம் ஆகும். அதனால்தான் செல்களை முதலிலேயே ஒரே அளவுக்குச் சார்ஜ் செய்துவிட்டுக் கட்ட வேண்டும் என்கிறோம்.

வயரிங்கில் சொல்லும் செயலும் ஒன்றாகவே போகின்றன. 16 செல்லுக்கு 17 மெல்லிய வயர். முதல் வயர் செல் வரிசையின் மைனஸில், இரண்டாவது முதல் செல்லின் பிளஸில், அப்படியே ஏறிப்போய்ப் பதினேழாவது மொத்த பிளஸில் முடியும். தடித்த வயர்கள் தனி: போர்டின் B மைனஸ், அதாவது பேட்டரி மைனஸ், செல் வரிசையின் மைனஸுக்கு; P மைனஸ், அதாவது பேக் மைனஸ், இன்வெர்ட்டருக்கும் சார்ஜருக்கும். வெட்டும் ஸ்விட்ச் மைனஸ் பக்கத்தில்தான் இருக்கிறது. பிளஸ் போர்டைத் தொடாமல் பியூஸ் வழியாக நேரே போய்விடும்.

முதலில் மாட்ட வேண்டியது தடித்த B மைனஸ். மெல்லிய வயர்களின் கனெக்டரைப் போர்டில் சொருகுவது கடைசி. சொருகுமுன் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை முதல் பின்னில் வைத்து, சிவப்பை ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். 3.3, 6.6, 9.9, 13.2 என்று வாய்ப்பாடு மாதிரி ஏறணும். நான் ஒருமுறை அவசரத்தில் இதைச் செய்யவில்லை. ஏழாவது செல்லின் வயரும் எட்டாவது செல்லின் வயரும் இடம் மாறியிருந்தன. 19.8-க்கு அடுத்து 23.1 வர வேண்டிய இடத்தில் 26.4. போர்டின் கணக்கில் ஒரு செல் 6.6 வோல்ட், அடுத்தது மைனஸ் 3.3. சொருகிய கணமே ஒரு சின்ன ‘டிக்’, அப்புறம் எரிந்த வாசனை. போர்டின் விலை என் கூலியில் போனது.

இன்னொன்று, எல்லாம் சரியாகக் கட்டியும் பேக் மைனஸில் அளந்தால் ஒன்றுமே காட்டாது. புதிதாகச் செய்பவர்கள் போர்டு டெட் என்று கழற்றிவிடுவார்கள். பல போர்டுகள் சார்ஜரை ஒரு நிமிடம் கொடுத்தால்தான் கண் விழிக்கும்.

சரி, மேலாண்மை பொருந்தவில்லை என்றால் கன்ட்ரோலர் என்று சொல்லலாமா? இ-ஆட்டோக்காரர்களிடம் இந்தச் சொல்லைப் பேட்டரிக்குப் பயன்படுத்தினால் குழப்பம்தான், அவர்களுக்குக் கன்ட்ரோலர் என்றால் மோட்டாரை ஓட்டும் பெட்டி. ஆனால் இதன் வேர் சுவாரசியமானது. கணக்குச் சுருளுக்கு எதிராக வைத்துச் சரிபார்க்கும் இரண்டாவது சுருள், அதிலிருந்து வந்தது கன்ட்ரோல். கட்டுப்படுத்துபவர் முதலில் கணக்குச் சரிபார்ப்பவராக இருந்தவர். மீட்டர் வைத்த பி.எம்.எஸ். செய்வதும் பெரும்பாலும் அதுவே: உள்ளே போன ஆம்பியர் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கூட்டிக் கழித்துத்தான் மீட்டரில் சதவீதம் காட்டுகிறது. கட்டுப்படுத்தி என்ற மொழிபெயர்ப்பில் இந்தக் கணக்கு காணாமல் போய்விடுகிறது.

வரம்பைப் பார்ப்பது, கணக்கு வைப்பது, தப்பு நடந்தால் வேலையை நிறுத்துவது. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்கிறவருக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. கண்காணி. திருமந்திரத்தில் எங்கும் நின்று பார்க்கும் இறைவனுக்கே அந்தப் பெயர். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியத்தை மேற்பார்க்கும் பொறுப்பாகவும் வருகிறது. பேச்சில் கங்காணி ஆகி, வடாற்காட்டிலிருந்தும் மற்ற மாவட்டங்களிலிருந்தும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்ட வேலைக்கு ஆள் பிடித்துப் போனவர்களுக்குப் பெயரானது. ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. அந்தக் கங்காணிகள் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியதும் கூலிக்காரரைக் கடனில் கட்டிவைத்ததும் தெரிந்ததுதான், அதனால் சொல்லில் கொஞ்சம் கசப்பு ஒட்டியிருக்கிறது. இருக்கட்டும். மின்கலக் கண்காணி என்றால் அந்த போர்டு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது கேட்டவுடன் விளங்கும். கண்காணி மூட்டை தூக்கமாட்டார், சோர்ந்தவனுக்குப் பதிலாக வேலை செய்யமாட்டார். பார்ப்பார், நிறுத்துவார். விண்ணப்பத்திலும் டெண்டரிலும் மின்கல மேலாண்மை அமைப்பு என்றே எழுதுங்கள், அங்கே அதுதான் செல்லும். பில்லில் நான் கண்காணிக்கு மாறிவிட்டேன்.

2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் மின் வண்டிகள் எரிந்த பிறகு, மின் வண்டிகளின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்பு விதியைத் திருத்தி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். பி.எம்.எஸ்.ஸுக்கான கட்டாயங்களும் அதில் அடக்கம். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பேட்டரி வாங்க வருபவர்கள் விலைக்கு முன்னால் போர்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

போர்டில் தொங்கும் சின்ன வெப்ப உணரியையும் செல்லோடு ஒட்டி வையுங்கள், காற்றில் தொங்கவிடாதீர்கள். பல செல்களுக்குச் சார்ஜ் ஏற்ற 45 டிகிரிதான் வரம்பு. கத்திரி வெயிலில் நம் ஊர்த் தகரக் கொட்டகைக்குள் அதைத் தொட அதிக நேரம் ஆகாது.

இரண்டு வாரம் கழித்து ஐயா போன் செய்தார். "தம்பி, உங்கள் கங்காணி ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட்டை நிறுத்திவிட்டார். மிக்ஸி போட்டால் நிற்கிறார்." போய்ப் பார்த்தேன். பதினான்காவது செல்லின் நட்டை நான் சரியாக முறுக்கவில்லை. லோடு ஏறும்போதெல்லாம் அந்த இணைப்பில் வோல்ட் இறங்க, செல்லே சோர்ந்ததாக எடுத்துக்கொண்டு போர்டு வெட்டியிருக்கிறது. ஸ்பேனரை வைத்து முக்கால் சுற்று முறுக்கினேன். ஐயா உள்ளே திரும்பி, "மா, இப்போது மிக்ஸியைப் போடு" என்றார்.