தாத்தாவின் வேதாகமத்தை லேமினேட் செய்யாதீர்கள்

போன வாரமும் ஒன்று வந்தது. தாத்தா காலத்து வேதாகமம். பிள்ளைகளின் பிறந்த தேதி, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் தொட்டெழுதும் பேனாவால் எழுதியிருந்த முதல் நான்கு தாள்களை லேமினேட் செய்துவிட்டார்கள். சூட்டில் மை கலங்கி, ‘ஏப்ரல்’ மேல் ஒரு கொப்புளம். பிரித்தால் எழுத்தும் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். பழந்தாள் செப்பனிடும் என்னால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

கொண்டுவந்தவர் கேட்டது வேறு: “சார், இது சீகன்பால்கு அச்சடித்ததுதானே? கோடிக்குப் போகுமாமே?”

இல்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706இல். அங்கே 1714-15இல் அச்சானது வேதாகமத்தின் பின்பகுதியான புதிய ஏற்பாடு மட்டும். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து பெரிதாக இருந்து தாள் நிறையப் பிடித்ததால், தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். முன்பகுதியான பழைய ஏற்பாட்டில் ரூத் என்ற புத்தகம் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719இல் அவர் இறந்துவிட்டார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே. அப்புறம் எப்படி ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை ஒரே கட்டாக இருக்கும் புத்தகம் 1715ஆம் வருடத்தது ஆகும்?

“லை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி பழைய வளைவோடு இருக்கிறதே” என்பார்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தம் வரை அப்படித்தான் அச்சடித்தார்கள். உங்கள் அம்மாவின் பள்ளிப் பாடநூலிலும் அந்தத் துதிக்கை இருந்திருக்கும். என்னிடம் வருபவை பெரும்பாலும் 1871இல் முழுமையாக வந்த பவர் ஐயர் என்ற மிஷனரியின் குழு செய்த மொழிபெயர்ப்பு, அதுவும் பிந்தைய மறுபதிப்புகள்.

கந்தல் துணியில் செய்த பழைய தாள் முந்நூறு வருடமானாலும் வளைந்து கொடுக்கும். மரக்கூழ்த் தாள் நூறு வருடத்திலேயே அப்பளமாக ஒடியும். அமிலம் தாளுக்குள்ளேயே இருக்கிறது, மேலே பிளாஸ்டிக் போட்டு என்ன பயன்?

செல்லோடேப் வேண்டாம். வேப்பிலை செருகாதீர்கள், கறை படியும். வெயிலில் காயவைக்காதீர்கள். ஜெராக்ஸ் கடையில் முதுகு விரிய அழுத்தாதீர்கள். போனில் படம் எடுத்தால் போதும். கை கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, படுக்கை வசத்தில் வையுங்கள்.

அச்சடித்த பக்கங்கள் வேறு பிரதிகளிலும் இருக்கும். கையால் எழுதிய அந்த முதல் தாள்கள் உங்களிடம் மட்டும்தான். பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அதில் வரும் பெயர்கள் யார் யார் என்று கேட்டுத் தனித்தாளில் எழுதி வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள்.